பேத்தமங்கலம் ஏரிக்கரையில் ஒரு மோதிரம்

தங்கவயலில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது, பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து தங்கம் எடுப்பதைவிடக் கஷ்டம்.

லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் மூங்கில் தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கஷாயம் வைப்பார்கள். பிறகு செங்கல் சுவர் வந்தது. ஆனால் பழக்கம் மட்டும் தட்டிக் காலத்துப் பழக்கமாகவே நின்றுவிட்டது. மாரிக்குப்பத்தில் ஒரு பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டால், அவன் ராபர்ட்சன்பேட்டை போய்ச் சேருவதற்குள் "யாரைப் பார்க்கப் போகிறான்?" என்ற கேள்வி அவனை முந்திக்கொண்டு போய்விடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வாலிபர், தான் கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணைத் தண்ணீர்க் கரை ஓரமாக அழைத்துப்போய், அவள் எதிர்பாராத நேரத்தில் மோதிரத்தை நீட்டி, "என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை எங்கோ மறைந்து நிற்கும் போட்டோகிராபர் படம் பிடிக்க வேண்டும். மேல்நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர்கள் இதையும் ஒரு வேலையாக ஏற்றுச் செய்கிறார்கள். தங்கவயல் பிள்ளைகளில் பாதிப் பேர் பகலில் பெங்களூர்க்காரர்கள்தானே! அங்கே பார்த்தது இங்கே வராமல் இருக்குமா?

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் விடியற்காலை ரெயில்தான் தங்கவயலுக்குச் சோறு போடுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஏறும் கூட்டம் பங்காருப்பேட்டை தாண்டும்போது நிற்க இடம் இல்லாமல் போகும். 1894-ல் சுரங்கத்துக்காகப் போட்ட அந்தப் பாதையில் இன்று போவது ஆட்கள். போக வர நாலைந்து மணி நேரம் ஒரே பெட்டியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குள் பேச்சு வளர்கிறது. சில இடங்களில் பேச்சோடு நிற்பதில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

தோழி போட்ட திட்டம்

மறைவாக ஏற்பாடு செய்து சந்திப்பது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொல்காப்பியம் இதற்கென்றே களவியல் என்று ஓர் இயல் ஒதுக்கி இருக்கிறது. காதலர்கள் சந்திக்கும் இடத்துக்குக் 'குறியிடம்' என்று பெயர். பகலில் சந்தித்தால் பகற்குறி, இரவில் சந்தித்தால் இரவுக்குறி. இடத்தைக் காட்டுவது, நேரத்தைச் சொல்வது, யாராவது வந்துவிட்டால் குறிப்புக் கொடுப்பது எல்லாம் தோழியின் வேலை. மலையருவி ஓரம் குறிஞ்சி. கடற்கரை ஓரம் நெய்தல். தண்ணீர் ஓரத்தைத் தேர்ந்தெடுப்பது நம்மவர்களுக்குப் பழகிய சங்கதிதான்.

அன்று கேமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மோதிரத்தை நீட்டி முழந்தாளிடுவதும் நம் வழக்கம் இல்லை. பெண் கிடைக்காதவன் பனைமட்டையால் குதிரை கட்டி அதன்மேல் ஏறித் தெருவில் வருவதற்கு 'மடல் ஏறுதல்' என்று பெயர். ஊரைக் கூட்டிப் பெண்வீட்டாரை இணங்க வைக்கும் வழி அது. பெண் வேறு வழியின்றிச் சம்மதிக்க வேண்டிய நெருக்கடியும் அதில் உண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

பாலாற்றுத் தண்ணீர்

தங்கவயலைச் சுற்றித் தண்ணீர்க் கரை என்றால் முதலில் வாயில் வருவது பேத்தமங்கலம். ராபர்ட்சன்பேட்டையில் இருந்து சுமார் 10 கிலோமீட்டர். வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் குடிதண்ணீர் கொடுத்த ஏரி அது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு இந்த ஏரியை நிரப்பிவிட்டுத்தான் வாணியம்பாடி, வேலூர் என்று இறங்கிப் போய் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. வட ஆற்காட்டில் இருந்து சுரங்க வேலைக்கு வந்த தாத்தாக்கள், தங்கள் ஊர் ஆற்றின் தலைமாட்டில் வந்து குடியேறினார்கள் என்றுகூடச் சொல்லலாம். லீவு நாளில் புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு அந்த ஏரிக்கரைக்குப் போன ஞாபகம் பழைய தொழிலாளர் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது.

ஒரு சங்கடம். பாலாற்றை நம்பித் தேதி குறிக்க முடியாது. மழை பொய்த்தால் ஏரி காய்ந்து கிடக்கும்; நல்ல மழை பெய்தால் கோடி ஓடும். எனவே முந்தின வாரம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவசியம். தண்ணீர் இருக்கும் என்று பெண்ணை அழைத்துப்போய், வெடித்த சேற்றைக் காட்டி மோதிரம் கொடுத்தவன் என்று பெயர் எடுக்கக் கூடாது அல்லவா!

பேத்தமங்கலத்தில் தெரிந்த முகம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அல்சூர் ஏரி இருக்கிறது. கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினால் தூரம் இல்லை. கரையில் திருவள்ளுவர் சிலை. 1991-ல் திறக்க வேண்டிய சிலை, 18 வருஷம் துணிக்குள் மூடிக் கிடந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி முதல்-அமைச்சர் கருணாநிதியால் திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இன்பத்துப்பால் எழுதியவர் சாட்சியாக நிற்கிற இடத்தில் கேட்டால் மறுக்க மாட்டாள் என்று சில வாலிபர்கள் நம்பக்கூடும். அதற்கு வள்ளுவர் பொறுப்பாக முடியாது.

சைனைட் மண்மேடுகளுக்குப் போகலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. 2018-ல் வெளிவந்த 'கே.ஜி.எப்.' சினிமாவுக்குப் பிறகு அந்த வெள்ளை மேடுகள் பிரபலமாகிவிட்டன. படத்தில் பார்க்க அழகு. ஆனால் அது பாறையை மாவாக அரைத்து, சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. காற்று அடித்தால் அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகும். அந்தத் தூசைச் சுவாசித்து இருமிக்கொண்டே இருந்த அப்பாமார்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

தண்டவாளத்தின் நடுவில் நின்று படம் எடுக்கும் ஆசையும் சிலருக்கு இருக்கிறது. வேண்டாம். 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட விதிக்கலாம். சட்டம் மன்னித்தாலும் என்ஜின் மன்னிக்காது.

ஒரு மோதிரத்துக்கு ஒரு டன் பாறை

இனி மோதிரம். நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் என்பது உலகம் முழுவதும் பரவியதற்கு ஒரு கம்பெனியின் விளம்பரமும் முக்கியக் காரணம். வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற பொருளில், 1947-ல் டீ பீர்ஸ் கம்பெனிக்காக விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சஸ் ஜெரெட்டி என்ற பெண் எழுதிய ஒரு வரிதான் அது. எழுதிய அந்த அம்மாள் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

தங்கவயல் பிள்ளைக்கு வைரம் எதற்கு? இந்த மண்ணில் இருந்து 120 வருஷங்களில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போயிருக்கிறது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை வெட்டி, மேலே தூக்கி, அரைத்தாலும் 3 கிராம் தேறுவதே பெரும்பாடு. நாலு கிராமில் ஒரு மோதிரம் என்றால், அதில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாறை அடங்கி இருக்கிறது. அப்பா வெட்டிய தங்கத்தில் ஒரு குன்றிமணிகூட வீட்டுக்கு வந்தது கிடையாது. மகன் நகைச்சீட்டுக் கட்டி, கடையில் வாங்குகிறான். 916 முத்திரையும், 6 எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அந்தக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்பது விதி.

விரல் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? அவள் போட்டிருக்கும் மோதிரத்தை அவள் தங்கையோ தோழியோ ஒரு நிமிடம் வாங்கி, உள்சுற்றைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் போதும். இங்கேதான் தொல்காப்பியத் தோழி திரும்பவும் வருகிறாள். ஆனால் ஒருத்தியோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது ஆளுக்குச் சொன்னால் அது ஆண்டர்சன்பேட்டை வரை போய்விடும்.

மறைந்திருந்து பார்க்கும் மர்மம்

போட்டோ சங்கதியில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஏரிக்கரை வெட்டவெளி. ஒளிந்து நிற்க இடம் கிடையாது. மரத்தின் பின்னால் பெரிய லென்சோடு ஒருவர் எட்டிப் பார்த்தால், கேமரா என்று தெரியாதவர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரப் போட்டோகிராபர் ஒளிவதே இல்லை. தன் கூட்டாளி ஒருவரைக் கரையில் நிறுத்தி, அவரைப் படம் எடுப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருப்பார். சமயம் வந்ததும் லென்ஸ் 20, 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஜோடியின் பக்கம் திரும்பும். இதற்கு 70-ல் இருந்து 200 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் பொருத்தம். கிட்டப் போக வேண்டிய அவசியம் இருக்காது.

சூரியன் ஜோடிக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் பளபளக்கும், முகம் கறுத்துப் போகும். முகம்தானே வேண்டும்? ஆகையால் வெயில் பக்கவாட்டில் விழும்படி இடத்தை முன்னாடியே பார்த்துக் கல்லோ செருப்போ வைத்து அடையாளம் செய்துகொள்வது நல்லது. தங்கவயல் பக்கம் நவம்பரில் மாலை 5.50-க்குள் பொழுது சாய்ந்துவிடும், ஜூலையில் 6.45 வரை வெளிச்சம் நிற்கும். நம் நாட்டில் அந்தி நேரம் குறைவு. சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குள் இருட்டு. பையன் தயங்கித் தயங்கி வானிலை, வேலை, மேனேஜர் என்று பேசிக்கொண்டே இருந்தால் போட்டோவும் போச்சு, தைரியமும் போச்சு.

முழந்தாளிடுவதாக இருந்தால், கேமரா இருக்கும் பக்கத்து முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய முழங்கால் மோதிரத்தை மறைத்துக்கொள்ளும். படத்தில் ஒரு பேண்ட் மட்டும் விழும்! பெட்டியைத் தலைகீழாகத் திறக்காமல் இருக்க வீட்டில் நாலு தடவை பழகிக்கொள்வதும் தப்பில்லை. ஏரிக்கரைச் சேறு வழுக்கும். தண்ணீர் ஓரத்துக்கு ஒரு அடி உள்ளேயே நிற்க வேண்டும்.

மேலே ட்ரோன் பறக்கவிடலாமா என்று கேட்டால், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குப் பதிவு எண் வேண்டும். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று வரைபடம் இருக்கிறது. பெமல் போன்ற பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை உள்ள ஊர் இது. பார்க்காமல் பறக்கவிட்டால் மோதிரம் போட வேண்டிய கையில் விலங்கு விழும். அதுவும் போக, தலைக்கு மேல் வண்டுபோல ரீங்காரம் செய்யும் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன ரகசியம்?

உலகப் புகழ்பெற்ற காதல் படங்களில் ஒன்று, பாரிஸ் நகரசபைக் கட்டிடத்தின் முன் 1950-ல் ராபர்ட் துவானோ எடுத்த முத்தப் படம். தெருவில் போகிறபோது தற்செயலாக எடுத்தது என்று பல ஆண்டுகள் ஜனங்கள் நம்பினார்கள். 1990-களில் ஒரு வழக்கு வந்தபோதுதான், நடிப்புப் பயிலும் மாணவர் இருவரை நிற்க வைத்து எடுத்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். படம் அதற்காக அழகு குறைந்துவிடவில்லை. தற்செயலுக்குப் பின்னாலும் ஏற்பாடு இருக்கும் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

இல்லை என்று சொன்னால்?

திட்டம் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். பெண்ணின் பதிலை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஸ்டூடியோக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டி, திரையில் வரைந்த மாடிப்படிக்கு முன்னால், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பார்கள். ஆக்பா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். அதில் ஒன்று பெண்ணுக்கு என்றால் பெரிய செலவு. அந்தப் படம் தரகர் பையில் ஊர் ஊராய்ச் சுற்றும். பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. இன்று நிலைமை மாறிவிட்டது. அவளிடம் நேரே கேட்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் சுற்றிலும் நண்பர்கள், கைதட்ட ஆட்கள், மறைவில் கேமரா என்று நிறுத்திவைத்துக் கேட்டால், அவள் எப்படி "யோசித்துச் சொல்கிறேன்" என்பாள்? மடல் குதிரை திரும்பவும் தெருவுக்கு வந்துவிட்டது. இப்போது அதற்கு லென்ஸ் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ந்தேதி பிரேசிலின் ரியோ ஒலிம்பிக்கில், நீச்சல்குளத்தின் கரையில் இது உலகமே பார்க்க நடந்தது. சீனாவின் ஹெ ஸி, 3 மீட்டர் பலகைத் தாவலில் வெள்ளிப் பதக்கம் வாங்கிக்கொண்டு நின்றார். சக வீரர் சின் கய் வந்து முழந்தாளிட்டு மோதிரத்தை நீட்டினார். 6 ஆண்டுகளாகப் பழகியவர்கள். அவர் கண்கலங்கித் தலையசைத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. மறுநாள் வேறு ஒரு பேச்சும் கிளம்பியது. வருஷக்கணக்கில் உழைத்து வாங்கிய பதக்கத்தின் நாளை, ஒரு மோதிரம் மறைத்துவிட்டதே என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

2021 அக்டோபர் 7-ந்தேதி துபாய் மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் பந்துவீச்சாளர் தீபக் சாஹர், பார்வையாளர் வரிசைக்கு ஏறிப்போய் ஜெயா பரத்வாஜிடம் கேட்டார். அன்று ஆட்டத்தில் சென்னை தோற்றது, தீபக் ஜெயித்தார். மறுவருஷம் ஜூன் 1-ந்தேதி ஆக்ராவில் கல்யாணம். இப்படி ஜெயித்தவர்களின் படம்தான் நமக்கு வருகிறது. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போனவர்களின் படத்தை யாரும் பிரேம் போட்டு மாட்டுவதில்லை.

பெரிய நகரத்தில் மறுத்துவிட்டால் இருவரும் அவரவர் வழியில் போய்விடலாம். தங்கவயலில் மறுநாள் காலை அதே ரெயில், அதே பெட்டி. யாராவது செல்போனில் எடுத்த படம் அவர்களுக்கு முன்பே பங்காருப்பேட்டை போய்ச் சேர்ந்திருக்கும். அதில் அடிபடுவது பெரும்பாலும் பெண்ணின் பெயர்.

ஆகவே, எதிர்பாராதது என்பது இடமும் நேரமுமாக இருக்கலாமே தவிர, கேள்வியாக இருக்கக் கூடாது. கல்யாணம், வேலை, இரண்டு வீட்டுச் சம்மதம், சாதி, மதம், எங்கே குடியிருப்பது என்று இருவரும் மனம்விட்டுப் பேசி முடித்தவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு. முன்பே வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம் மோதிரத்தோடு திரும்பத் திரும்பப் போவது காதல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் அதற்குப் பின்தொடர்தல் குற்றம் என்று பெயர். போட்டோகிராபரிடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அவள் மறுத்தால் அந்த இடத்திலேயே படங்களை அழித்துவிட வேண்டும். சம்மதித்தாலும் அவளைக் கேட்காமல் ஒரு படமும் யாருக்கும் போகக் கூடாது.

பெற்றவர்களின் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. நம்மூரில் நிச்சயம் என்றால் தட்டு மாற்ற வேண்டும், வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். ஏரிக்கரையில் மோதிரம் போட்டாகிவிட்டது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தாயின் மனசு என்ன பாடுபடும்? அவளுக்கு முந்தின நாளே சொல்லிவிடலாம். சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள், சாதியோ மதமோ குறுக்கே நிற்பவர்கள், ஏரிக்கரைப் போட்டோவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பதிவாளர் ஆபீசுக்குப் போவது மேல். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு இருக்கிறது. அந்த 30 நாளை எங்கே, யார் துணையோடு கழிப்பது என்பதற்குத்தான் அவர்களுக்குத் திட்டம் வேண்டும்.

மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வசதி. பேத்தமங்கலத்தில் இருட்டுவதற்குள் காரியத்தை முடித்துக்கொண்டு பஸ் பிடித்தால், ராபர்ட்சன்பேட்டையில் மிட்டாய்க் கடை திறந்திருக்கும். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, முதலில் பெண்ணின் வீட்டுக்கு. படத்தில் இரண்டு பிரதி போட வேண்டும். ஒன்று அந்த வீட்டுக்கு, ஒன்று இந்த வீட்டுக்கு. பல வீடுகளில் அது மாட்டப்படும் ஆணிக்குப் பக்கத்தில், தலையில் சுரங்கத் தொப்பியோடு அப்பாவோ தாத்தாவோ ஏற்கனவே இருப்பார்.